ஒட்டுப்போட்ட ரப்பர் மீன்

நிவேதா, கவின், இந்த வாரம் எழுதுவது உங்கள் இருவருக்கும். படிக்கிற மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும், ரகசியம் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டிக்குப் போய்விட்டு நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். கையில் மீன் இல்லாததை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பதுதான் அந்தப் போட்டியின் விதி, அது உங்களுக்குத் தெரியும். போனில் படம் இல்லாததைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை. காலையில் கிளம்பும்போதே நிவேதா சொல்லி அனுப்பியிருந்தாள், படம் இல்லாமல் வரக்கூடாது என்று. கவின் தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். சாயங்காலம் போட்டி நடத்திய சங்கத்துக்காரர்கள் போட்ட வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தீர்கள். அதில் நான் எங்குமே இல்லை.

"நெசமாலுமே போனீங்களாப்பா?" என்று கவின் கேட்டான்.

நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். பதிலை முதலிலிருந்து, வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால். கோபி டவுனுக்குப் பக்கத்தில் ஒரு குளம். மதகுக்கு அந்தப் பக்கம் தொடை நனையத் தண்ணீரில் நிற்கிறேன். இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு வாளை மீன். தலை என் இடது முழங்கைக்கு வெளியே நிற்கிறது, வால் வலது கையைத் தாண்டித் தொங்குகிறது. தகடு மாதிரி வெள்ளை வயிறு. அதன் வாயோரத்தில் நீங்கள் கேலி செய்த அந்த ரப்பர் மீன், பச்சைத் தலையும் சிவப்பு உடம்புமாக, வால் பிய்ந்துபோய்த் தொங்குகிறது. கரையில் கூட்டம். கேமராவோடு ஒருவர். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார்.

"ராசு, கொஞ்சம் குடு. ஒரு படம் எடுத்துட்டுத் தந்தர்றேன்."

அந்த நீட்டிய கைக்கு நான் என்ன சொன்னேன் என்பதுதான் விஷயம். ஆனால் அந்த ரப்பர் மீனைப் பற்றிச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

வாய்க்குள் அரம்

விரால் பிடிக்க இப்போது புழுவும் தவளையும் தேவையில்லை. ரப்பரில் செய்த குட்டி மீன், லூர் என்பார்கள், கடையில் கிடைக்கிறது. தலையில் ஈயக் குண்டும் கொக்கியும் வைத்துத் தூர வீசி, மெல்லச் சுற்றி இழுத்தால், தட்டையான வால் படபடவென்று ஆடும். அடிபட்ட கெண்டை ஒன்று தப்பி ஓடுகிறது என்று விரால் நினைத்துக்கொள்ளும். விராலுக்குக் கோபம் அதிகம், யோசனை குறைவு. எனக்கு அதைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

உங்கள் அம்மாவுக்கும் ரப்பர் மீன்தான் சௌகரியம். புரட்டாசி மாதத்தில் மண்புழு டப்பா நம் வீட்டுப் படி ஏற முடியாது. ரப்பருக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு பாக்கெட் பூண்டு வாசனை அடிக்கிறது என்று கண்டுபிடித்து, இது சைவமா அசைவமா என்று என்னைக் கேட்டாள். அந்த மாதம் முழுக்க அந்தப் பாக்கெட் வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்து, எல்லா மீனும் உருகி ஒரே கட்டியாகிவிட்டது. வெயிலில் வைக்கக்கூடாது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

உக்கடத்தில் மீன் மார்க்கெட் போகிற வழியில் ஒரு தூண்டில் கடை இருக்கிறது. விலை கூடின ரப்பர் மீன்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணும் செதிலுமாகப் படுத்திருக்கும். மலிவானவை பாக்கெட் பாக்கெட்டாக வெளியே தொங்கும். விரால் மட்டும் இருக்கிற தண்ணீர் என்றால் கண்ணாடிப் பெட்டியில் ஒன்று வாங்கலாம், ரொம்ப நாள் வரும். ஆனால் நம் பவானி வாய்க்கால் பாய்கிற குளங்களில் விராலோடு வாளையும் இருக்கிறது.

வாளையின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நாய்க்கு இருப்பது போலக் கோரைப் பல் கிடையாது. பொடிப்பொடிப் பல், பட்டை பட்டையாக, உள்பக்கம் சாய்ந்திருக்கும். விரலை வைத்தால் அரத்தின்மேல் வைத்த மாதிரி. அது நூலைக் கடிப்பதில்லை, அராவிவிடும். ரப்பர் மீனைப் பின்னாலிருந்து துரத்துவதால் வாலைத்தான் முதலில் பிடுங்கும்.

ஆகவே வாளை இருக்கிற தண்ணீருக்கு ரப்பர் மீன் வாங்கப் போனால் கண்ணையும் செதிலையும் பார்க்காதீர்கள். அதெல்லாம் காசு கொடுக்கிற நமக்காக வரைந்தது. வால் உடம்போடு சேருகிற கழுத்தைப் பாருங்கள். மெலிந்திருந்தால் அழகாக ஆடும், முதல் கடியில் போய்விடும். கொஞ்சம் தடித்திருந்தால் ஆட்டம் குறையும், ஆனால் தாங்கும். வாலைப் பிடித்து இழுத்தால் நீண்டு, விட்டதும் திரும்பி வர வேண்டும். விரல் நீளம் போதும். அதற்குமேல் நீளமானால் கொக்கி முன்னால் நிற்கும், வாளை பின்னால் ஒரு வாய் தின்றுவிட்டுப் போய்விடும். நான் ஒவ்வொரு வாலாக இழுத்துப் பார்த்து வாங்குவதால், உக்கடத்துக் கடைக்காரர் இப்போது என்னைக் கண்டாலே பாக்கெட்டுகளைக் கழற்றி உள்ளே வைக்கிறார்.

வால் போனதை நான் எறிவதில்லை. நான் வேலை பார்க்கிற பட்டறையில் சால்டரிங் இரும்பு எப்போதும் சூடாக இருக்கும். வால் போன ஒன்றையும் தலை கிழிந்த ஒன்றையும் வெட்டி, இரண்டு வெட்டு முகத்தையும் இரும்பில் தொட்டு, உடனே அழுத்திப் பிடித்தால் முழு மீனாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், அந்தப் புகை ஆகாது. பச்சைத் தலைக்குச் சிவப்பு உடம்பை ஒட்டிய அன்றைக்கு நிவேதா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேற ஸ்கூல் யூனிஃபார்மை மாத்திப் போட்டுட்டு வந்த மாதிரி இருக்குது என்றாள்.

செம்புக் கம்பி

நூலை அராவாமல் இருக்க, ரப்பர் மீனுக்கும் நூலுக்கும் நடுவே ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும். கடையில் அதற்கென்று விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. பீளமேட்டுப் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான். கம்பியைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும்? மீந்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிக்கொண்டு பவானி ஆற்றுக்குப் போனேன். கூட ஆரோக்கியம் வந்தான், பட்டறையில் எனக்கு அடுத்த மேசைக்காரன்.

வாளை அந்தக் கம்பியை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு வேலையே வைக்கவில்லை. வீசும்போதெல்லாம் முடிச்சுக்கிட்டே மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, செம்பு விறைத்துப்போனது. நல்ல வீச்சு ஒன்று வீசினேன். கம்பி பட்டென்று முறிந்து, ரப்பர் மீன் தனியாகப் பறந்து நடு ஆற்றில் விழுந்தது. நூல் என் காலடியில் சுருண்டு விழுந்தது. செம்பை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் முறியும் என்பது காயில் கட்டுகிறவன் தினமும் பார்க்கிற சங்கதி.

ஆரோக்கியம் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "கம்பி கட்டுனீங்க, செரி. கரண்டு குடுக்க மறந்துபோட்டீங்களே மாப்ளே."

அதற்கப்புறம் வண்டியின் பழைய பிரேக் கேபிளைப் பிரித்தேன். உள்ளே மெல்லிய எஃகு இழைகள். இரண்டை எடுத்து முறுக்கினால் மடங்கும், முறியாது, அரத்துக்கும் அசையாது. அன்றிலிருந்து அதுதான்.

எந்தப் பக்கமுங்க ஊடு?

போட்டிக்கு வருகிறோம் என்று பேர் கொடுத்தது ஆரோக்கியம்தான், இரண்டு பேருக்கும் சேர்த்து. ரப்பர் மீன் மட்டும்தான் வீச வேண்டும், விரால் மட்டும்தான் கணக்கு, அளந்துவிட்டுத் திரும்ப விட்டுவிட வேண்டும். குளம் சர்க்காருடையது. மீன் குத்தகைக்காரரிடம் பேசி, அந்த ஒரு நாளைக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள்.

நடத்தியவர் பெயர் குணசேகர். குளத்தை ஒட்டிய தென்னந்தோப்பு அவர்களுடையது, டவுனில் நூல் வியாபாரமும் உண்டு. என்னைவிடச் சின்ன வயது. மரியாதை தெரிந்த ஆள். வாங்க, உட்காருங்க, டீ சாப்பிடுங்க என்று ஒவ்வொருவரையும் அவரே கவனித்தார். எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். கோயமுத்தூருங்க, பீளமேடு என்றேன்.

"அதில்லீங்க, சொந்த ஊரு?"

சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஊர்தான்.

"அந்த ஊர்ல எந்தப் பக்கமுங்க ஊடு?"

இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சாதியை வாயால் கேட்காமல் கேட்கிற வழி இது. சில பேர் வேறு தெருவைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்படிச் சொன்னதில்லை, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

"காலனிங்க," என்றேன். குரலை இறக்கவில்லை.

அவர் முகம் மாறவில்லை. சந்தோஷம் என்பது போலத் தலையைக்கூட ஆட்டினார். அதற்கப்புறம் நீங்க என்பது எனக்கு மட்டும் நீ என்று ஆனது. அவ்வளவுதான் நடந்தது.

நிற்கிற இடத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு மருத மரத்தடி விழுந்தது. குளத்திலேயே நல்ல இடம் அது. நிழல் இருக்கிறது, முன்னால் தாமரை இலை, அதற்கடியில் விரால். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது குணசேகர் வந்து என் டப்பாவை எட்டிப் பார்த்தார். ஒட்டுப்போட்ட மீன்களைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ராசு, நீ மதகுக்கு அந்தப் பக்கம் போயிரு. அங்க முச்சூடும் வாளை. எங்க லூர் எல்லாம் விலை கூட, போச்சுன்னா வயிறு எரியும். உன்னோடது போனாப் போகுது."

மருத மரத்தடிக்கு அவரே போய் நின்றார்.

ஆரோக்கியம் சண்டைக்குத் தயாராகிவிட்டான். சீட்டுல உழுந்தது உழுந்ததுதானுங்க என்று ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தேன். பயந்து போகவில்லை. விரால் மட்டும்தான் கணக்கு என்பதால், அந்தப் பக்கம் போன உடனேயே போட்டியில் தோற்றாகிவிட்டது, அதுவும் தெரியும். ஆனால் என் டப்பாவில் இருந்த ஒவ்வொன்றும் பல் இருக்கிற தண்ணீருக்கென்று நான் பார்த்துப் பார்த்து வாங்கியது, ஒட்டியது, கம்பி கட்டியது. யாரும் நிற்கப் பயப்படுகிற தண்ணீரில் நின்று காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

காலை முழுக்க ஒவ்வொரு ரப்பர் வாலாகப் போனது. ஒரு இழுப்பு, கனம், பிறகு ஒன்றுமில்லை. சுற்றி எடுத்தால் மொட்டையாக வரும். அதற்குள் எதிர்க் கரையில் கைதட்டல் கேட்கும், யாரோ விரால் எடுத்திருப்பார்கள். டப்பாவில் கடைசியாக அந்தப் பச்சைத் தலை, சிவப்பு உடம்பு ஒன்றுதான் மிச்சம். ஆரோக்கியம் டீ வாங்கப் போயிருந்தான், அவன் போனும் அவனோடு போயிருந்தது. என் போன் வண்டிப் பெட்டியில்.

மதகுச் சுவரை ஒட்டி வீசினேன். கீழே இறங்கும் முன்பே பிடித்துக்கொண்டது. தூண்டில் கம்பு வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. அந்த வாய்க்குள் என் பிரேக் கேபிள் இழை அரம்பட்டுக் கரகரப்பது நூல் வழியாக என் விரலுக்குத் தெரிந்தது. தண்ணீருக்குள் இறங்கினேன். ஓடட்டும் என்று விட்டேன், நின்றபோது சுற்றினேன். அது வெளியே வந்து புரண்டபோது எதிர்க் கரையில் இருந்த எல்லாரும் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இந்தக் குளத்தில் இத்தனை பெரிய வாளையை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் குணசேகர் கையை நீட்டினார்.

கயிறு பிடித்த கை

உங்கள் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் ஊரில் ஒரு பண்ணையத்துக்காரரிடம் மாட்டு வேலை பார்த்தார். அந்த வீட்டு ரேக்ளா பந்தயக் காளைகளைப் பழக்கியது அவர்தான். பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது, வாய்க்காலில் நீந்த விடுவது, விடியலில் வண்டி பூட்டி ஓட்டுவது எல்லாம் அவர். பந்தயத்தில் ஓட்டியவரும் அவர்தான். ஒரு வருடம் அந்த ஜோடி முதலாவதாக வந்தது. எந்த வருடம் என்று எனக்கு ஞாபகமில்லை, நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தேன்.

வெகு காலம் கழித்து, நீங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னால், அந்த வீட்டுக் கிணற்று மோட்டார் எங்கள் பட்டறைக்கு வந்தது. காயில் கட்டிக் கொண்டுபோய் மாட்டினேன். தண்ணீர் கேட்டபோது முன்னறைச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நடுவில் காளைகள். பக்கத்தில் பண்ணையத்துக்காரர், கழுத்தில் மாலை, கையில் கோப்பை. இடது ஓரத்தில் சட்டத்துக்குள் ஒரு கை மட்டும் வந்திருந்தது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்த கை. கட்டை விரல் நகம் நடுவில் பிளந்திருந்தது.

அந்த நகத்தை எனக்குத் தெரியும். வண்டி நுகத்தடி விழுந்து பிளந்தது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன்.

அந்த வீட்டம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மாடு நல்லா இருக்குதல்ல என்றார்கள். இந்தக் கை ஆருதுங்க என்று கேட்டேன். "அது ஆரோ மாட்டப் புடிச்சுட்டு நின்ன ஆளு," என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் அய்யனிடம், அதாவது உங்கள் தாத்தாவிடம், சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாடு நல்லா உழுந்திருக்குதா படத்துல?"

கொஞ்சம் குடு

இப்போது தெரியும் உங்களுக்கு, அந்த நீட்டிய கையைப் பார்த்தபோது எனக்கு என்ன தெரிந்தது என்று.

"இல்லீங்க," என்றேன். "நான் புடிச்ச மீன நானே புடிச்சுக்கறேன். எடுக்கறதுன்னா இப்படியே எடுக்கச் சொல்லுங்க."

குணசேகருக்கு முதலில் புரியவில்லை. சங்கத்து இணையப் பக்கத்தில் போடுவதற்குத்தான், நம்ம குளத்து மீன் என்று போடலாம் என்று விளக்கினார்.

"குளம் சர்க்காருதுங்க. மீனு இப்போதைக்கு என்ர கையில இருக்குது. உங்களுக்கு வேணும்னா வீசிப் பாருங்க, தண்ணி அப்படியேதான் இருக்குது."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். கேமராக்காரர் குணசேகரைப் பார்த்தார். அவர் தலையசைக்கவில்லை. கேமரா கீழே இறங்கியது. அதற்குள் ஆரோக்கியம் இரண்டு டம்ளரோடு ஓடி வந்துவிட்டான், பாதி டீ அவன் சட்டையில். கூட்டத்தைத் தாண்டி வர முடியாமல் பின்னால் தவித்தான்.

குணசேகர் கெட்டிக்காரர். குரலை மாற்றிக்கொண்டார். "செரி, ரெண்டு பேரும் சேர்ந்து புடிச்சுக்கலாம். நீ வால்பக்கம் புடி."

வால்பக்கம். அந்தப் படத்தில் நான் எந்த ஓரத்தில் வருவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் வேறு வாயை அகலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கொக்கியைக் கழற்றினேன். அரம் என் புறங்கையைக் கீறியது, அந்தத் தழும்பை நீங்கள் பூனை கீறியது என்று நினைத்தீர்கள். மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் என் கையிலேயே நின்றது. பிறகு ஒரு உதறு உதறி, என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு மதகுப் பக்கம் போய்விட்டது.

"படம் இல்லாம ஆரு நம்புவாங்க?" என்றார் குணசேகர். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே ஆச்சரியமாகக் கேட்டார்.

"என்ர புள்ளைங்க நம்புவாங்க," என்றேன்.

சாயங்காலம் கவின் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணு, உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். படம் இருந்திருந்தால் நீ உடனே நம்பியிருப்பாய். அந்தப் படத்தில் மீன் இன்னொருவர் மார்போடு இருந்திருக்கும், ஓரத்தில் ஒரு கை தெரிந்திருக்கும். அந்தக் கை யாருடையது என்று உன் வகுப்பில் ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். அதைவிட, நீ என்னை நம்பாமல் இருப்பது எனக்குச் சம்மதம்.

மத்தியானம் தென்னந்தோப்பில் எல்லாருக்கும் பிரியாணி. நான் போகவில்லை. ஆரோக்கியம் போனான். பிரியாணி மேல எனக்கு என்ன மாப்ளே கோபம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

குளத்தங்கரையில் யாரும் இல்லை. நான் கம்பை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்து மருத மரத்தடிக்குப் போனேன். சீட்டில் எனக்கு விழுந்த இடம். குணசேகரின் மடக்கு நாற்காலி அங்கே இருந்தது, அதை நகர்த்தவில்லை, பக்கத்தில் நின்றேன். நூலில் அந்தப் பச்சைத் தலை மீன்தான் இன்னும் இருந்தது. வால் இல்லாத ரப்பர் மீன் நீந்தாது, கல் மாதிரி நேராகக் கீழே போகும். தெரிந்தேதான் தாமரை இலைகளுக்கு நடுவே வீசினேன். கீழே போனது. நிதானமாகச் சுற்றி எடுத்தேன்.

ஒன்றும் கடிக்கவில்லை. இன்னொரு தடவை வீசினேன்.